காற்று மேசைக்கு வைத்த பொட்டு

1

போன வாரம் ஊரில் ஆயுத பூஜை. இங்கே அது ஒரு வேலை நாள். மதியச் சாப்பாட்டு இடைவேளையில் அப்பா வீடியோவில் வந்தார். ஒதியம்பட்டு வீட்டு வாசலில் அவருடைய மூன்று சக்கர லோடு வண்டி கழுவித் துடைத்து நின்றது. ஹேண்டில்பாரில் சாமந்தி மாலை. மூன்று டயருக்கும் மூன்று எலுமிச்சம்பழம்.

"இன்னாம்மா, மிஷினுக்குப் பொட்டு வெச்சியா?"

"வெச்சிட்டேன்பா."

"எங்க, காட்டு பாப்போம்."

"உள்ள போன் எடுத்துக்கினு போவக் கூடாதுப்பா."

"அதான பாத்தேன். கம்பெனின்னா அப்படித்தான் இருக்கணும்." பக்கத்தில் நின்ற அம்மாவிடம் திரும்பிச் சொன்னார்: "வெச்சிடுச்சாம்."

நான் வைக்கவில்லை. இனி எந்த வருடமும் வைக்கப்போவதில்லை. போன வருடம் வைத்தேன்.

நான் இங்கே எழுதுவதைப் படித்துவிட்டு, வெளிநாட்டுக்குக் கிளம்பத் தயாராகும் பெண்கள் சிலர் எனக்கு எழுதுகிறார்கள். குளிர் தாங்க முடியுமா, அரிசி கிடைக்குமா, தனியாக இருக்கப் பயமில்லையா என்று கேட்கிறார்கள். குளிர் தாங்கலாம். அரிசி கிடைக்கும். பயம் பழகிவிடும். அவர்கள் யாரும் கேட்காத ஒன்றைப் பற்றி இங்கே எழுதுகிறேன்.

2

பிரான்சின் வடகிழக்கில் ஒரு சிறிய ஊரில், ஜன்னல் கண்ணாடி செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். சாதாரணக் கண்ணாடி இல்லை. இரண்டு கண்ணாடிகளை விரல் அகல இடைவெளி விட்டு, ஓரங்களைக் கறுப்புப் பசையால் காற்றுப் புகாமல் அடைத்துவிடுவோம். குளிர் உள்ளே வராது. அந்த இடைவெளிக்குள்ளேயே பிளைண்ட்ஸ் இருக்கும். மெல்லிய வெள்ளை அலுமினியத் தகடுகள், ஒன்றின்மேல் ஒன்றாக, நூலில் கோத்தவை. வெளியே சட்டத்தில் ஒரு சின்னக் காந்தம் இருக்கும். அதை மேலே தள்ளினால் உள்ளே தகடுகள் திரும்பி வெளிச்சம் வரும். கீழே இழுத்தால் மூடிக்கொள்ளும்.

முதல் முறை இதைப் போனில் விளக்கியபோது அம்மா கேட்டது இன்னும் நினைவிருக்கிறது.

"உள்ளயே ஸ்கிரீன் வெச்சிட்டா எப்படிடி தோய்க்கிறது?"

"தோய்க்கவே வேணாம்மா. தூசியே போவாது. அழுக்கே ஆவாது."

"ஆச்சுன்னா?"

"ஆவாதும்மா."

"அட, ஆச்சுன்னா இன்னா பண்ணுவ, அதச் சொல்லு."

அழுக்கானால் ஒன்றும் செய்ய முடியாது என்பதுதான் பதில். ஒரு தலைமுடி உள்ளே போய்விட்டால், ஒரு விரல் ரேகை பதிந்துவிட்டால், அந்த ஜன்னல் இருக்கும் வரைக்கும் அது இருக்கும். பிரித்துத் துடைத்து மறுபடி ஒட்ட முடியாது. கத்தி போட்டு அறுத்துக் குப்பையில் போட வேண்டியதுதான். அதனால் எங்கள் கூடத்தில் தலைக்கு உறை, கைக்கு உறை, காலுக்கு உறை. ஒரே ஒரு இடத்தில் மட்டும் எல்லோரும் விதியை மீறுவோம். நூலுக்கு முடிச்சுப் போட உறையோடு வராது. வலது கை உறையைக் கழற்றி, முடிச்சுப் போட்டு, மறுபடி மாட்டிக்கொள்வோம். ஃபோர்மேனுக்கும் அது தெரியும்.

3

எங்கள் பக்கத்தில் பிரான்ஸ் என்றால் கல்யாணம் என்று பொருள். பிரெஞ்சுப் பட்டாளத்துச் சொல்தா பென்ஷன் வாங்கும் குடும்பத்தில், பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள ஒரு நேஷனாலிட்டி மாப்பிள்ளை அமைந்தால் பெண் விமானம் ஏறும். நான் கிளம்பிய வாரத்தில் பக்கத்துத் தெரு அக்கா ஒருத்தி அம்மாவிடம் கேட்டாள்: "மாப்ள எந்த ஊரு? நேஷனாலிட்டிதான?"

"மாப்ளையும் இல்ல, ஒண்ணும் இல்ல. எம் பொண்ணு படிச்சிட்டுப் போவுது."

அந்தப் பதிலை அம்மா எப்படிச் சொன்னாள் என்பதை எழுத்தில் கொண்டுவர என்னால் முடியாது. நாற்று நட்டு, களை பிடுங்கி, கையெழுத்துக் கேட்ட இடத்திலெல்லாம் கட்டைவிரலை நீட்டியே பழகிய அம்மா அவள். அப்பாவும் கைநாட்டுதான். மூலக்குளத்தில் கண்ணாடிக் கடைகளுக்கு லோடு அடிப்பார். புதிது புதிதாகக் கட்டும் வீடுகளுக்குக் கண்ணாடியை வண்டியில் கொண்டுபோய், தோளில் வைத்து மாடி ஏற்றுவார். தட்டிப் பார்த்தே எத்தனை மில்லி கண்ணாடி என்று சொல்வார். கையில் இருக்கும் பில்லில் என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்குத் தெரியாது.

நான் பள்ளிக்கூடம் சேர்ந்த வருடம் ஆயுத பூஜைக்கு அப்பா வண்டியோடு என் புத்தகங்களையும் அடுக்கி வைத்தார். வண்டிச் சங்கிலி, ஸ்பேனர், மண்வெட்டி, அரிவாள், கடைசியாக என் ஒன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம். எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி சந்தனமும் குங்குமமும் வைத்தார். எங்கள் குடும்பத்தில் புத்தகத்துக்குப் பொட்டு வைத்தது அதுதான் முதல் முறை. அப்புறம் பாலிடெக்னிக், இன்ஜினியரிங், இங்கே மேல்படிப்பு. படித்தது எல்லாம் கண்ணாடியும் உலோகமும் பற்றி. கர்வம் இருந்தது. இருக்கக் கூடாதா? யார் கையையும் பிடித்துக்கொண்டு நான் இங்கே வரவில்லை.

ஆனால் படிப்புக்குக் கீழான வேலைதான் கிடைத்தது என்பதை ஊரில் சொல்லவில்லை. ஊருக்கு நான் இன்ஜினியர். இங்கே தகடு கோக்கிறேன், நூல் முடிகிறேன், மிச்ச நேரத்தில் தரம் பார்க்கிறேன்.

4

இங்கே ஒருவருடைய நடமாட்டமெல்லாம் ஒரு அட்டையில் இருக்கிறது. தங்குவதற்கான அட்டை. வேலை இருந்தால் அட்டை, அட்டை இருந்தால் வேலை. இரண்டில் எது முந்தி என்று கேட்டால் கவுன்டரில் இருப்பவர்கள் புதிய படிவம் ஒன்றைத் தருவார்கள். நம் ஊரில் கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில் அப்பாவுக்காகச் சான்றிதழ் வாங்க மூன்று நாள் அலைந்தவள் நான். அங்கே கோபப்படலாம், கெஞ்சலாம், தெரிந்தவர் ஒருவரைப் பிடிக்கலாம். இங்கே எதுவும் முடியாது. எல்லோரும் மரியாதையாகத்தான் பேசுவார்கள்.

வந்த புதிதில் அந்தக் கவுன்டர் அதிகாரியையே நான் 'நீ' என்று கூப்பிட்டுவிட்டேன். இந்த மொழியிலும் 'நீ', 'நீங்கள்' உண்டு. பயத்தில் மாறிவிட்டது. அதை என் மேசைத் தோழி யமினாவிடம் சொன்னபோது அவள் இரண்டு நாள் சிரித்தாள். "நல்லவேளை, கன்னத்தைக் கிள்ளாம விட்டியே!"

யமினாவின் பெற்றோர் அல்ஜீரியாவிலிருந்து வந்தவர்கள். அவள் இங்கேயே பிறந்தவள். என்னைவிட மூன்று வயது மூத்தவள், இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். ஏஜென்சி மூலம் வந்த தற்காலிக ஆள். நானும் தற்காலிகம்தான், ஆனால் கம்பெனியின் நேரடி ஒப்பந்தம். போன வருடம் இந்த ஊரில் அரசு அலுவலகங்களுக்குப் புதுக் கட்டடம் கட்டினார்கள். அட்டை கொடுக்கும் கவுன்டரும் அங்கே மாறப்போகிறது என்றார்கள். அதன் ஜன்னல்கள் எங்கள் ஆர்டர். ஃபோர்மேன் பஸ்கால் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "இந்த ஆர்டர் சுத்தமா முடியட்டும். உன்னை நிரந்தரம் பண்ணச் சொல்லி நானே எழுதுறேன்."

அடுத்த ஜனவரியில் என் அட்டை முடிய இருந்தது. நிரந்தர ஒப்பந்தம் இருந்தால் நான்கு வருடத்துக்குப் புதிய அட்டை. இல்லாவிட்டால் ஊருக்குத் திரும்ப வேண்டும். ஊருக்கு என்றால், அந்தப் பக்கத்துத் தெரு அக்கா இன்னும் இருக்கிறாள்.

5

எங்கள் கூடத்தில், கண்ணாடிகளை அடைக்கும் முன் தகடுகளைப் பூட்டும் மேசை ஒன்று இருக்கிறது. மேலே ஆயிரக்கணக்கான ஊசித் துளைகள். அடியில் ஒரு பெரிய காற்றாடி. அதை ஓட்டினால் துளைகள் வழியே காற்று எழும்பும். எவ்வளவு கனமான கண்ணாடியும் அந்தக் காற்றின் மேல் மிதக்கும். ஒற்றை விரலால் தள்ளலாம்.

அப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர், "ஒத்த வெரல்லயா?" என்றார். "இங்க நாலு பேரு தோள் குடுக்கிறோம்."

"ஆமாம்பா. ஒத்த வெரல்."

"அப்ப அதுக்கு ஒரு பொட்டு வெச்சிடும்மா. அது உந் தோளக் காப்பாத்துது."

வில்லியனூர் கோயில் குங்குமத்தைக் காகிதத்தில் மடித்து, ஊரிலிருந்து வந்த ஒருவரிடம் கொடுத்தும் அனுப்பினார். போன வருட ஆயுத பூஜை அன்று காலையில் எல்லோருக்கும் முன்னால் போனேன். சந்தனத்தை வீட்டிலேயே குழைத்து ஒரு சின்ன டப்பாவில் எடுத்துப் போயிருந்தேன். மேசையின் காலில் வைக்கலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் யாராவது பார்த்தால்? இது என்ன என்று கேட்டால்? மேல்படிப்புப் படித்த பெண் இயந்திரத்துக்குப் பொட்டு வைக்கிறாள் என்று பஸ்கால் சிரித்தால்?

வெட்கப்பட்டேன். அதனால் குனிந்து காற்றாடிப் பெட்டியின் சின்னக் கதவைத் திறந்து, வெளியே தெரியாதபடி உள்பக்கம் வைத்தேன். முதலில் சந்தனம். அதன் மேல் அப்பா வைப்பது மாதிரியே தாராளமாகக் குங்குமம். கதவை மூடினேன். கை கழுவினேன், புது உறை மாட்டினேன்.

காற்றைச் சுத்தப்படுத்தும் வடிகட்டி அந்தக் கதவுக்கு வெளிப்பக்கம். நான் வைத்தது வடிகட்டியைத் தாண்டிய இடத்தில்; அங்கே உதிர்வது காற்றோடு நேரே கண்ணாடிக்குப் போகும். இதைத் தெரிந்துகொள்ள மேல்படிப்பு வேண்டாம், வடிகட்டி மாற்றுகிற ஆளுக்கே தெரியும். எனக்கும் தெரியும். அன்று காலையில் தோன்றவில்லை. கண்ணுக்குத் தெரியும்படி மேசைக் காலில் வைத்திருந்தால் ஒன்றுமே நடந்திருக்காது.

சந்தனம் காய்ந்தது. காற்றாடி நாள் முழுக்க ஓடியது.

6

மறுநாள் பஸ்கால் வெயிலில் ஜன்னல்களை நிறுத்திப் பார்த்தார். தகடுகள் திறந்திருந்தபோது ஒன்றும் தெரியவில்லை. மூடினார். வெள்ளைத் தகடுகளில் அங்கங்கே சிவப்புப் புள்ளிகள். ஊசி முனை அளவு. சிலவற்றில் பெரிசாகவும் இருந்தன.

"துரு," என்றார்.

பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தச் சிவப்பை நான் பிறந்ததிலிருந்து பார்த்து வருகிறேன். கழிவறைக்குப் போவது போல எழுந்து போய், காற்றாடிப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். சந்தன வட்டம் மட்டும் இருந்தது. குங்குமம் இல்லை. ஸ்பிரிட் நனைத்த காகிதத்தால் அதையும் துடைத்தேன். அந்த இரண்டு நிமிடங்களில் நான் போய்ச் சொல்லியிருக்கலாம். கை அதன்பாட்டுக்குத் துடைத்துக்கொண்டிருந்தது.

திரும்பி வந்தபோது பஸ்கால் ஒரு ஜன்னலை அறுத்துத் திறந்திருந்தார். ஈரத் துணியால் ஒரு புள்ளியைத் தொட்டார். அது சிவந்த பழுப்பாக இழுகியது. "துரு இல்லை. சாயம்," என்றவர் எங்கள் கைகளைப் பார்த்தார்.

யமினாவின் தங்கைக்கு அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமைதான் கல்யாணம். இரண்டு உள்ளங்கையிலும், விரல் நுனி வரை, மருதாணி.

"முடிச்சுப் போட உறையைக் கழற்றினாயா?"

"எல்லாரும்தான் கழற்றுவோம். அது உங்களுக்கே தெரியும்." அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். "இது தோலில் ஊறின நிறம், பஸ்கால். உதிராது. உங்க மனைவியோட உதட்டுச் சாயம்தான் உதிரும்."

பஸ்கால் சிரிக்கவில்லை.

அப்போது யமினா என் தோளில் கை வைத்தாள். "இவளைக் கேளுங்க. இவங்க ஊரிலும் இது உண்டு. படிச்சவ வேற. இவ சொன்னா நம்புவீங்கதானே?"

பஸ்கால் என்னைப் பார்த்தார். "சொல்லு. எது எதில் ஒட்டும் என்பதுதானே உன் படிப்பு. மருதாணி பொடியா உதிருமா?"

எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் வீட்டு வேலியில் மருதாணிச் செடி இருந்தது. நாலு நாள் கழுவிய கையிலிருந்து ஒரு துகள் விழாது.

"காய்ந்த விழுது," என்றேன், "நகக்கண்ணில் ஒட்டியிருந்தால், உதிர வாய்ப்பு இருக்கிறது."

இலக்கணச் சுத்தமான பிரெஞ்சில் சொன்னேன். இத்தனை வருடத்தில் ஒரு பிழையும் இல்லாமல் நான் சொன்ன வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும். யமினா தன் நகங்களைத் திருப்பிப் பார்த்தாள். என் மேல் கோபமில்லை. உண்மையாகவே நகக்கண்ணில் தேடினாள்.

7

ஏஜென்சி ஆளைத் திருப்பி அனுப்ப ஒரு போன் போதும். வெள்ளிக்கிழமை அவள் தன் கோப்பையையும் செருப்பையும் பையில் போட்டுக்கொண்டு வந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். "நிரந்தரம் ஆனதும் சொல்லு. கேக் நான் செய்றேன்."

பெரிய புள்ளிகள் இருந்த ஜன்னல்களைக் குப்பைக்கு அறுக்கும் வேலையை பஸ்கால் எனக்குக் கொடுத்தார். தண்டனையாக இல்லை, நம்பிக்கையாக. மூன்று மீட்டர் தள்ளி நின்றால் தெரியாத புள்ளிகள் இருந்தவை தேர்ச்சி. அதுதான் இந்தத் தொழிலின் விதி. அவை கட்டடத்துக்குப் போயின.

டிசம்பரில் நிரந்தர ஒப்பந்தம் வந்தது. அப்பாவிடம் சொன்னேன். அவர் போனைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கே போய்விட்டார். ஆடும் படத்தில் வானமும் மின்கம்பியும் தெரிந்தன, குரல் மட்டும் கேட்டது. "எம் பொண்ணுக்கு அங்க பர்மனென்ட் ஆயிடுச்சு!" பிறகு முகத்தைக் காட்டினார். கண் கலங்கியிருந்தது.

"பாத்தியாம்மா? பொட்டு வெச்சேல்ல. மிஷின் கைவுடல பாரு."

"ஆமாம்பா," என்றேன்.

வெளிநாட்டிலிருந்து எழுதுகிறவர்கள் பிள்ளைகள் விலகிப் போவதைப் பற்றி எழுதுவார்கள். எனக்குப் பிள்ளைகள் இல்லை. விலகிப் போன பிள்ளை நான்தான். அப்பாவிடம் என்னால் சொல்ல முடியாதது என்று முன்பெல்லாம் ஒன்றும் இருந்ததில்லை. பாலிடெக்னிக்கில் ஒரு பேப்பர் போனபோதுகூட முதலில் அவரிடம்தான் சொன்னேன். இப்போது அவர் அழைக்கும்போதெல்லாம் முகத்தைச் சரிசெய்துகொண்டுதான் எடுக்கிறேன்.

யமினாவிடம் நிரந்தரம் ஆனதைச் சொல்லவில்லை. அவளுடைய எண் என் போனில் இருக்கிறது.

8

மார்ச்சில், விண்ணப்பித்திருந்த அட்டையை வாங்கப் புதுக் கட்டடத்துக்குப் போனேன். காத்திருக்கும் அறை முழுக்க எங்கள் ஜன்னல்கள். சீட்டு எடுத்து உட்கார்ந்தேன். நல்ல வெயில். யாரோ எல்லா பிளைண்ட்ஸையும் மூடியிருந்தார்கள். வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே புள்ளிகளைத் தேடினேன்.

ஒரு ஜன்னலில் துப்புரவுச் சீருடை போட்ட பெண் ஒருத்தி நின்று, ஒரே இடத்தைத் துணியால் தேய்த்துக்கொண்டிருந்தாள். மருந்து அடித்தாள், தேய்த்தாள். நகத்தால் சுரண்டினாள். கொஞ்சம் பின்னால் வந்து தலையைச் சாய்த்துப் பார்த்தவள், பாதிச் சிரிப்போடு திரும்பினாள். யமினா.

"நீயா! வா, இதைப் பாரு. அரை மணி நேரமாத் தேய்க்கிறேன். இது வெளியே இல்லை, உள்ளே இருக்கு. நம்ம ஜன்னல்!"

என்னை இழுத்துக்கொண்டு போய்க் காட்டினாள். வெள்ளைத் தகட்டில், அவளுடைய கண் உயரத்தில், கடுகில் பாதி அளவு குங்குமம்.

"ஏஜென்சி இங்கே போட்டிருக்கு. காலையில் மட்டும்தான் வேலை. பரவாயில்லை, பிள்ளைங்களைக் கூட்டிவரச் சௌகரியம்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன். அன்னிக்கு நான் உதிராதுன்னு சாதிச்சேன். அப்புறம் யோசிச்சுப் பார்த்தேன். நீ படிச்சவ, நீ சொன்னது சரியாத்தான் இருக்கும். அந்த வாரம் நகத்தைச் சரியா கழுவலை போல. அத்தனை பேர் முன்னாடி உன்னைச் சாட்சிக்கு இழுத்துட்டேன். உனக்கும் சங்கடம். மனசில் வெச்சுக்காதே."

வாயைத் திறந்தேன். சுவரில் இருந்த திரையில் என் எண் வந்தது.

"போ, போ," என்று அவள் என் முதுகில் தட்டினாள். "விட்டா அடுத்த ஆளைக் கூப்பிடுவாங்க. 'நீ'ன்னு கூப்பிட்டுடாதே!"

நான் போனேன். கவுன்டரில் இருந்தவர் அட்டையைத் தந்து, வாழ்த்துகள் என்றார். நான் 'நீங்கள்' சேர்த்துச் சரியாக நன்றி சொன்னேன். திரும்பும்போது அவள் வேறு ஜன்னலுக்குப் போயிருந்தாள். முதுகுதான் தெரிந்தது. நான் மற்ற வாசல் வழியாக வெளியே வந்தேன்.

ஏழு மாதம் ஆகிறது. அட்டை இன்னும் மூன்று வருடத்துக்கு மேல் செல்லும். நடந்ததை நடந்தபடி இங்கே எழுதிவிட்டேன். எதையும் மறைக்கவில்லை. தமிழில் எழுதியிருக்கிறேன். யமினாவுக்குத் தமிழ் தெரியாது. அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது.